நாலாவது ஸ்க்ரூ

காருக்கு வயது பத்தொன்பது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு, துரு உதிர்ந்த இடத்தில் ஓட்டை. ஏசியைப் போட்டால் யாரோ பெருமூச்சு விடுகிற அளவுக்குத்தான் காற்று வரும். ஆனால் ஒன்று, எவ்வளவு தூக்கிப் போட்டாலும் உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் வராது. அதன் சொந்தக்காரருக்கு அதில்தான் கர்வம். "புதுக் கார்ல ஏறிப் பாருங்க, உண்டியலைக் குலுக்கற மாதிரி இருக்கும். இதுல ஏறிப் பாருங்க" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரையும் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்.

அவருக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. தெருவுக்கு அடியில் எங்கே குழாய் கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வண்டிகளின் இரைச்சல் தொடங்குவதற்கு முன், விடிகிற நேரத்தில், ஒரு இரும்புக் கம்பியோடு கிளம்புவார். இரண்டு துண்டாகக் கழற்றி மாட்டுகிற கம்பி. மேல் முனையில் மரத்தால் கடைந்த சின்னக் கிண்ணம். கம்பியைத் தரையில் ஊன்றி, கிண்ணத்தில் காதை வைத்து, நடுத்தெருவில் குனிந்து நிற்பார். தெரியாதவர்கள் ஏதோ மறை கழன்ற ஆள் என்று ஒதுங்கிப் போவார்கள். ஆனால் அவர் நிமிர்ந்து சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தோண்டலாம், அங்கே தண்ணீர் இருக்கும். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். வாரியத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர்தான்.

காதுக்காரரின் மனைவிக்குக் கண் உத்தியோகம். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், எழுத்துப் பலகையைக் காட்டி வருகிறவர்களைப் படிக்கச் சொல்வாள். வீட்டில் அவர் அவளைக் கேலியாக டாக்டரம்மா என்பார். டாக்டரெல்லாம் இல்லை. ஆனால் எந்த டாக்டருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கண் தெரியாதவர்கள் கண் தெரியவில்லை என்று சாமானியத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காத்திருக்கிற நேரத்தில் பலகையை மனப்பாடம் செய்வார்கள். கடைசி வரிசை வந்ததும் பலகையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் புருவம் ஒரு நூல் ஏறினால் போதும், சொன்ன எழுத்தை மாற்றிவிடுவார்கள். அதனால் அந்த அறைக்குள் போனதும் அவள் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

காரில் புதுச் சத்தம் ஏதாவது கேட்டால், வருகிற சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் வேறு வேலை ஓடாது. முதலில் காரைக் காலி செய்ய வேண்டும். குடை, தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, ஜாக்கி, கண்ணாடிக்குக் கீழே கிடக்கிற சில்லறை, எல்லாம் வெளியே. பிறகு அவள் ஓட்ட, அவர் பின்சீட்டில். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு ரோடு இருக்கிறது. அதை ரோடு என்று சொன்னால் மற்ற ரோடுகள் கோபித்துக்கொள்ளும். அதில் நடக்கிற வேகத்தில் ஓட்டுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கதவு, கூரை, சீட்டின் முதுகு என்று ஒவ்வொரு இடமாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வருவார். "இங்க இல்ல. இங்கயும் இல்ல. ஆங், நிறுத்து!" எந்த இடத்தை அழுத்தினால் சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் திருடன். திருகி முடுக்குவார், இல்லாவிட்டால் அட்டையை மடித்துச் செருகுவார். அட்டை அவள் கடையிலிருந்து வரும். அந்தக் காரைப் பிரித்தால் பாதிக்குப் பாதி மூக்குக்கண்ணாடி டப்பாதான் இருக்கும்.

அவளுக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடிக்கும். மகள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்ந்து செய்ய என்று வேறு எதுவும் மிச்சமில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. பின்னாலிருந்து டொக், டொக். அவர் சொல்லட்டும் என்று விட்டாள். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை பொறுக்க முடியாமல், "என்னங்க, பின்னாடி ஏதோ டொக்கு டொக்குன்னு அடிக்குதே" என்றாள்.

ஒரு கணம் தாமதித்து, "ம்ம். நானும் கவனிச்சேன். சனிக்கிழமை பாத்துக்கலாம்" என்றார்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் முந்திக்கொண்டது அதுதான் முதல் தடவை. காதுக்காரரையே மிஞ்சிவிட்டோம் என்று அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அசடு.

சனிக்கிழமை கிடங்கு ரோட்டில் ஓட்டினாள். நடுவில் தொங்குகிற கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தபோது அவர் கண்ணை மூடியிருக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயசுல என்ன பார்வை வேண்டியிருக்கு என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். அவர் வலது பின்கதவை அழுத்தியதும் சத்தம் நின்றது. "ஆ" என்று அவள் புருவம் ஏறிய அதே நொடியில், "நிறுத்து, இதுதான்!" என்றார்.

வீட்டு வாசலில் கதவின் உள்பலகையைக் கழற்றினார். நாலு ஸ்க்ரூ. ஒரு மூடியில் பத்திரமாகப் போட்டு, அட்டையை மடித்துச் செருகி, பலகையைத் திரும்ப வைத்து ஒவ்வொன்றாக முடுக்கினார். அவள் டீயோடு நாலடி தள்ளி நின்றாள். நாலாவது ஸ்க்ரூ அவர் விரலிலிருந்து நழுவி, பலகைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விழுந்தது. டிங் என்று அடித்து, சர்ரென்று சறுக்கி, கதவின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவளுக்கு அது விழுந்த பாதை முழுக்கக் காதால் தெரிந்தது.

அவர் தன் வெறும் விரல்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். "இங்கதான் எங்கயோ உருண்டு போயிருக்கு" என்று முழங்காலிட்டு, காருக்கு அடியில் டார்ச் அடித்து, மண்ணை இரண்டு கையாலும் தடவத் தொடங்கினார்.

கிண்டல் செய்யத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டில் காசு விழுந்தால் எந்தக் காசு என்று சொல்கிற மனிதர். கதவுக்குள் விழுந்ததைத் தரையில் தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மகள் போன் செய்தால் இரண்டு வார்த்தையில் "அம்மாகிட்ட பேசும்மா" என்று கொடுத்துவிடுவது. போன மாதம் ஒரு தெருவில் இரண்டு இடத்தில் வீணாகத் தோண்டிவிட்டு, வரைபடம் தப்பு என்று கத்தியது. இன்றைக்குக் கண்ணாடியில் பார்த்த பார்வை. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையைப் படிக்க முடியாதவர்கள் பார்க்கிற அதே பார்வை. ஊரார் பொய்யைப் பிடித்தே சம்பளம் வாங்குகிறவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டிருக்கிறாள்.

அவர் தேடி அலுத்துப்போய், டப்பாவிலிருந்து வேறொரு ஸ்க்ரூ எடுத்து முடுக்கினார். சோதனைக்கு மறுபடி கிடங்கு ரோடு. பழைய டொக் டொக் போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் கதவுக்குள் அந்த ஸ்க்ரூ டிங், டிங் என்று குதித்தது. அவள் முகத்தைச் சுவராக்கிக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் பல தடவை கேட்டுக்கொண்டாள். நிச்சயமாகத் தெரிந்துகொள்ளத்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். தெரிந்துகொள்ளப் பயந்துகொண்டுதான் செய்தாள்.

அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு பள்ளம், மூன்று பள்ளம். பிறகு கூரையை ஒரு தட்டுத் தட்டினார். "போயிடுச்சு பாத்தியா! இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல."

டிங் என்றது கதவு.

"ஆமாங்க. போயிடுச்சு" என்றாள் அவள்.

அந்த வாரம் முழுக்க ஸ்க்ரூ அவளோடு பேசிக்கொண்டே வந்தது. வேலைக்குப் போகும்போது, திரும்பும்போது, முக்குத் திரும்பினால் சர்ர், பள்ளத்தில் டிங். அவள் கவலை ஸ்க்ரூ பற்றியது இல்லை. விடிகிற நேரத்தில், வெளிச்சம் சரியாக வராத தெருவில், வருகிற வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிற ஒரு மனிதரைப் பற்றியது. கூட வருகிற ஆள் பாதி நேரம் அடுத்த தெருவில் வால்வுக் குழியின் மூடியைத் திறந்துகொண்டிருப்பான். இத்தனை வருஷமும் பின்னால் என்ன வருகிறது என்று அவருக்குச் சொன்னது காதுதான்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "சும்மா ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்தா என்ன?"

முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் அது அவருக்கு நன்றாகவே புரிந்தது. "என் காதுக்கு என்ன? ஊர்ல இருக்கற குழாயெல்லாம் என் காதுக்குள்ளதான் ஓடுது" என்று சிரித்துவிட்டு, தட்டில் மிச்சம் வைத்து எழுந்தார்.

அவருடைய பயமும் அவளுக்குத் தெரியாததில்லை. முன்பு ஒருவர் இருந்தார், இதே கம்பி வேலை. காது மந்தம் என்று தெரிந்ததும் புகார் எழுதுகிற மேஜையில் உட்கார வைத்தார்கள். "ஆளை நாற்காலியில போட்டு மூடிட்டாங்க" என்று இவர்தான் வந்து சொன்னார். காது இல்லாத காதுக்காரரை யார் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

ஆனால் ஒரு கணக்கு அவளுக்கு உதைத்தது. காது கேட்கவில்லை என்றால் இந்த மனிதர் இன்னும் எப்படிக் கசிவு கண்டுபிடிக்கிறார்? ஒரு தெருவில் தப்பினாலும் பத்துத் தெருவில் சரியாகத்தானே குறி போடுகிறார்?

வியாழக்கிழமை, சாப்பிட வீட்டுக்கு வந்தபோது, பதில் கிடைத்தது. அவர் மதியத் தூக்கத்தில் இருந்தார். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த கம்பியைத் தூசி தட்ட எடுத்தாள். மரக் கிண்ணத்தின் விளிம்பில் நாலு தடம். மேலே இரண்டு, கீழே இரண்டு. பல் தடம்.

அவருடைய முன்பல் ஒன்று நுனி உடைந்திருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் சாப்பாட்டில் கல் கடித்துவிட்டது என்றார். அன்றைக்கு அவள் தன் சமையலைத்தான் நொந்துகொண்டாள்.

கம்பியின் மேல்பாதியைக் கழற்றிச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். குழாயை நூலாகத் திறந்துவிட்டு, கம்பி நுனியைக் குழாயில் வைத்து, கிண்ணத்தைப் பல்லால் கவ்வி, இரண்டு காதையும் விரலால் இறுக அடைத்தாள். தண்ணீர் அவள் தலைக்குள் ஓடியது. பக்கத்தில் யாரோ பேசுகிற அளவுக்குத் தெளிவாக ஓடியது. யாரும் பார்க்காத நேரம் பார்த்து, நடுத்தெருவில் கம்பியைக் கவ்விக்கொண்டு நிற்கிற தன் புருஷனை நினைத்தாள். வாயில் கம்பியோடு அழுவது சுலபமில்லை. அவள் அழுதாள்.

சனிக்கிழமை காலை, "சத்தம் வருதுங்க. வாங்க போகலாம்" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அதான் போயிடுச்சே?"

"வருது. கம்பியையும் எடுத்துக்குங்க."

"காருக்கு எதுக்குக் கம்பி?"

"எடுத்துக்குங்கன்னா எடுத்துக்குங்களேன்."

கிடங்கு ரோட்டு முனையில் காரை நிறுத்தினாள். கையை உயர்த்தி, நடுக்கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டாள். பின்சீட்டிலிருந்து பார்த்தால் இனி அவள் பின்னந்தலை மட்டும்தான் தெரியும்.

"கண்ணாடியை ஏன் திருப்பறே?"

"இந்த ரோட்டுல பின்னாடி பாக்க என்ன இருக்கு?" என்று நன்றாக உரக்கச் சொல்லிவிட்டுக் காரை நகர்த்தினாள்.

டிங், டிங். அவர் கை கதவைத் தொட்டது, கூரையைத் தொட்டது, சீட்டைத் தொட்டது. ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டின் கடைசி வரை போய்த் திரும்பினாள். இரண்டாவது சுற்றில் கை நின்றுவிட்டது. அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தார். அவளுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

"ஏங்க" என்றாள், காருக்கே கேட்கிற மாதிரி. "வேணும்னா பல்லுல வெச்சுப் பாருங்க."

ஒரு பள்ளம் போயிற்று, இன்னொன்று போயிற்று. திட்டப் போகிறார், கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடக்கப் போகிறார் என்று அவள் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தாள். மூன்றாவது பள்ளத்தில் இரும்பு பிளாஸ்டிக்கைத் தொடுகிற மெல்லிய ஒலி கேட்டது. அது இடம் மாறியது. மறுபடி மாறியது. பிறகு, வாய் நிறைய மரத்தோடு ஒரு குரல், "நிழுத்து."

நிறுத்தினாள்.

வலது பின்கதவு. அங்கேயே, ரோட்டோரத்தில், பலகையைக் கழற்றி முன்சீட்டில் வைத்தார். கதவின் அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தார். உள்ளங்கையில் ஸ்க்ரூ. அதை வெகு நேரம் பார்த்தார்.

"இது அன்னைக்கு நான் தேடின ஸ்க்ரூ."

"ஆமா."

"கதவுக்குள்ளயா விழுந்துச்சு?"

"ஆமா."

"விழுந்தப்போ உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுச்சுங்க."

அவர் பின்சீட்டின் விளிம்பில், காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்தார். "எனக்குக் கேக்கல" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒரு வருஷமாவே சரியா இல்ல" என்றார்.

அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்குப் போயிடுச்சுன்னு கூரையைத் தட்டினேனே. அப்பவும் சத்தம் வந்துட்டு இருந்துச்சா?"

"வந்துச்சு."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு மனசு வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரிஞ்சா நாற்காலியில போட்டுடுவாங்க. உனக்குத் தெரியும்ல."

"தெரியும். நாற்காலின்னா தினமும் முழுசா வீட்டுக்கு வருவீங்க. நீங்க ரோட்டுல குனிஞ்சு நிக்கும்போது பின்னாடி ஒரு லாரி வந்தா, அதைப் பல்லால கேப்பீங்களா?" அவள் குரல் உடைந்தது. உடைந்தாலும் சத்தத்தைக் குறைக்கவில்லை. "ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. பொழுது விடிஞ்சு நீங்க கேட்டைத் திறக்கற வரைக்கும் எனக்கு உயிர் இல்ல."

அவர் எதிரே இருந்த கிடங்குச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். கை மட்டும் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. நடுவில் ஸ்க்ரூ குத்தியது.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க" என்றாள். "எனக்குக் குழாய் தெரியாது, நீங்கதான் சொல்லணும். பல்லுல வெச்சா கேக்குதுன்னா, உள்ள தண்ணி ஓடுதுன்னுதானே அர்த்தம்? வெளிய இருந்து போற வழியிலதான் எங்கயோ அடைப்பு. அடைப்புன்னா நீங்க என்ன பண்ணுவீங்க, குழாயையே தூக்கிப் போட்டுடுவீங்களா?"

வெகு நாள் கழித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். உடைந்த பல் தெரிந்தது. "டாக்டரம்மா கண்ணை மட்டும்தான் பாப்பாங்கன்னு நினைச்சேன்."

"எங்க கடைக்குப் பக்கத்துக் கடைதான் காது பாக்கற கடை. ஏறுங்க."

கதவுப் பலகை முன்சீட்டை அடைத்துக்கொண்டிருந்ததால் அவர் பின்னாலேயே இருந்தார். மெயின் ரோட்டில் அவள் இடது பக்கம் திரும்ப வேண்டும், வலது பக்கம் திரும்பினாள்.

"இப்பவேயா? இது வீட்டுக்குப் போற வழி இல்லையே."

"இல்ல. பன்னெண்டு மணி வரைக்கும் திறந்திருக்கும்."

"கதவு பிரிச்சபடி கிடக்கு."

"கிடக்கட்டும். அப்புறம் வந்து மாட்டிக்கலாம். ஸ்க்ரூ பத்திரம்."

அவர் கையை மூடிக்கொண்டார். கடைத்தெருவின் உடைந்த ரோட்டில் கார் ஏறி இறங்கியது. உள்ளே ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழ இறக்கு."

"எதுக்கு?" என்று உரக்கக் கேட்டாள். "சத்தம்தான் போயிடுச்சே. இனிமே என் மூஞ்சியில பாத்து எழுத என்ன இருக்கு?"

"சத்தத்துக்கு இல்ல" என்றார். "சும்மா பாக்கறதுக்கு."

அவள் கையை நீட்டிக் கண்ணாடியை இறக்கினாள். முகத்தைச் சுவராக வைத்துக்கொள்ள அவள் முயற்சி செய்யவே இல்லை.